தூங்கும் பம்பரம்

மயிலாப்பூர் மாட வீதிகளில் பம்பரம் விட்டு விளையாடியவர்களுக்கு இது தெரியும். சாட்டையிலிருந்து விடுபட்ட பம்பரம் ஒரு கட்டத்தில் ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நின்று சுழலும். "பம்பரம் தூங்குகிறது" என்பார்கள் சிறுவர்கள். ஆனால் தரையும் காற்றும் அதன் வேகத்தைச் சிறிது சிறிதாகத் திருடிக்கொண்டே இருக்கின்றன. கடைசியில் அது தள்ளாடி விழத்தான் வேண்டும்.

அணு உலகத்திலும் தூங்கும் பம்பரங்கள் உண்டு. சக்தி ஊட்டப்பட்ட அணு சாதாரணமாக ஒரு விநாடியில் 10 கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒளியை உமிழ்ந்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஹீலியம் அணுவிலோ ஒரு விசித்திர நிலை இருக்கிறது. தனித்து விட்டால் அது சராசரியாக 2 மணி 11 நிமிஷம் நீடிக்கிறது! தற்காலிகம்தான், ஆனால் அணுவின் கணக்கில் அது ஒரு யுகம்.

காரணம் என்ன? அணு தன் சுற்றுப்புறத்தோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. சக்தி வெளியேற வழி தாராளமாக இருந்தால் நிலை உடனே கலையும். வழி ஏறக்குறைய அடைபட்டிருந்தால் நீண்டு நிற்கும். இந்தக் கசிவைக் கணக்கிட உதவும் சமன்பாட்டை 1976-இல் கொரினி, கோசகோவ்ஸ்கி, சுதர்சன் என்ற மூவர் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ஸ்வீடன் தேசத்து லிண்ட்பிளாடும் தனியாக அதைக் கண்டார்.

சுதர்சன் சென்னைக்கு அந்நியர் அல்லர். கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் 1931-இல் பிறந்து, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். அல்லாடி இராமகிருஷ்ணன் தம் மயிலாப்பூர் இல்லத்தில் நடத்திய பௌதிகக் கூட்டங்களிலிருந்து முளைத்து, 1962-இல் உருவானது கணித அறிவியல் நிறுவனம். அடையாறை அடுத்த தரமணியில் உள்ள அந்த நிறுவனத்துக்கு 1984-இல் சுதர்சன் டைரக்டராக வந்தார். 2018-இல் அமெரிக்காவில் காலமானார்.

பார்த்துக்கொண்டே நின்றால் பால் பொங்காது, தலையைத் திருப்பினால் பொங்கி வழியும் என்று வீட்டில் சொல்வார்கள் அல்லவா? அணுவை ஓயாமல் அளந்துகொண்டே இருந்தால் அது நிலை மாறாது என்று 1977-இல் பைத்யநாத் மிஸ்ராவும் சுதர்சனும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1990-இல் பெரிலியம் அயனிகளை வைத்து அமெரிக்காவில் சோதித்தபோது, மாற்றம் தடைபடுவது கண்கூடாயிற்று.

இதனால் என்ன லாபம்? குவாண்டம் கம்ப்யூட்டரின் நினைவும் இப்படி ஒரு தற்காலிக நிலையே. கணக்கு முடியுமுன் அது கலைந்தால் விடை பாழ். பம்பரம் என்றென்றும் சுழல வேண்டியதில்லை. வேலை முடியும்வரை தூங்கினால் போதும்!