வரலாறு படிப்போரின் குறிப்பேடு

யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரிக்குள் செல்வோர் அங்கே ஒரு சிறு கோட்டையைக் காண்பர். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தியமைத்த கோட்டை அது. சதுர வடிவினது, எதிரெதிர் மூலைகளில் இரண்டே கொத்தளங்கள். அவ்வூரில் வயல் செய்யும் அன்பர் ஒருவர், 'பறங்கியர் வருமுன் இவ்விடத்தில் என்ன இருந்தது?' என்று ஒருநாள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராயின், அன்றே அவர் வரலாற்று மாணவராகி விடுகிறார். அவருக்கு ஆசிரியர் இல்லை. பாடத்திட்டமும் பரீட்சையும் இல்லை. அத்தகையவர் தாம் படித்ததை எவ்வாறு எழுதி வைத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது சிறியோர் வேலை என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. முதலியார் செ. இராசநாயகம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். சுவாமி ஞானப்பிரகாசர் துறவு பூணுமுன் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். முன்னவர் 1926இல் பண்டைய யாழ்ப்பாணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பின்னவர் 1928இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' என்னும் நூலைத் தந்தார். இருவரும் உத்தியோகத்தால் வரலாற்றாசிரியர் அல்லர். சொந்த முயற்சியால் ஆனவர்கள்.

குறிப்பெழுதுவதில் நான் செய்த தவறொன்றைச் சொல்லிவிட்டு மேற்செல்கிறேன். ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகராகச் சொல்லப்படுவது சிங்கைநகர். கேகாலைப் பக்கத்துக் கோட்டகமக் கல்வெட்டிலும் அப்பெயர் வருகின்றது. 'சிங்கைநகர் என்பது வல்லிபுரம்' என்று என் முதற் குறிப்பேட்டில் ஒரே வரியில் எழுதி வைத்திருந்தேன். யார் சொன்னது, எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்பது ஒன்றுமில்லை. பல ஆண்டுகளின் பின், பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் 1993இல் வெளியிட்ட பூநகரித் தொல்பொருளாய்வு நூல் கைக்கு எட்டியது. சிங்கைநகர் பூநகரிப் பகுதியில் இருந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. இப்பொழுது எனக்குத் திகைப்பு. பழைய வரி ஒரு சான்றா, ஒருவரின் ஊகமா, அல்லது யாரோ திண்ணையிற் சொன்ன பேச்சா? தேடிப் பார்த்தபோது அது இராசநாயக முதலியாரின் கருத்தென்று தெரிந்தது. சிங்கைநகர் நல்லூரின் மறுபெயரே எனக் கொண்டாரும் உளர். ஆக, நான் உண்மையென்று எழுதி வைத்தது மூன்று கருத்துகளுள் ஒன்று மாத்திரமே.

அன்றுமுதல் குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் மட்டுமே எழுதி வருகிறேன். இடப்பக்கம் பின்னால் வரும் திருத்தத்திற்கு உரியது. ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் ஆசிரியர் பெயர், நூல், பதிப்பாண்டு, பக்கம், நான் படித்த தேதி ஆகியவை இருக்கும். பதிப்பாண்டு ஏன் என்றால், மறுபதிப்பில் பக்க எண் மாறிவிடுதல் உண்டு. இதனினும் இன்றியமையாதது, குறிப்பின் ஓரத்தில் இடும் ஓர் எழுத்து: நூலில் உள்ளதற்கு 'நூ', நேரிற் கண்டதற்கு 'க', பெரியோர் வாய்க் கேட்டதற்கு 'கே', என் சொந்த எண்ணத்திற்கு 'எ'. பூநகரிக் கோட்டைக்கு இரு கொத்தளங்கள் என்பது 'க'; நானே எண்ணிப் பார்க்கலாம். அதனைப் போர்த்துக்கேயர் கட்டினர் என்பது 'நூ'. அவ்விடத்தில் முன்பு ஒரு கோயில் இருந்ததென்று எவரேனும் சொன்னால் அது 'கே'தான்; எத்தனை பேர் சொன்னாலும் 'நூ' ஆகாது. முதலில் இது தொல்லையாகத் தோன்றும். ஆனால் மொட்டைக்கறுப்பன் விதைத்த வயலையும் வேறு நெல் விதைத்த வயலையும் மறவாமல் கணக்கு வைக்கும் கமக்காரருக்கு இது புதிதன்று.

கேட்டதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். குளத்துப் பெயர், வயற் பெயர், பழைய இறங்குதுறைப் பெயர் முதலியன எந்த நூலிலும் இல்லாமல் முதியவர் நாவில் மட்டும் வாழ்வன. சொன்னவரின் வயதையும் சொன்ன நாளையும் சேர்த்தெழுதினால் பின்னொருவருக்கு அது பயன்படும்.

இன்னுமொரு காரியம் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் கிடையாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அவற்றுள் ஒன்றை முன்னர் படித்துக் குறிப்பெடுத்தவர் எவராயினும், அவர் குறிப்பேடே இன்று மூலத்தின் நிழலாகும். 2008இல் போர் நெருங்கியபோது பூநகரி மக்கள் கையில் எடுக்கக் கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தனர். குறிப்பேட்டை யார் நினைப்பார்? ஆகவே ஆண்டுக்கொரு முறை அதனைப் படியெடுத்தோ படம் பிடித்தோ வேறூரிலுள்ள உறவினர் வீட்டில் வைத்தல் நன்று. நான் ஒரு படியை என் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன். அவள் அதனைத் திறந்து பார்த்ததில்லை, அதனாற் குற்றமில்லை.

சிங்கைநகருக்கு இப்பொழுது தனிப்பக்கம் ஒன்று ஒதுக்கியிருக்கிறேன். வல்லிபுரம், நல்லூர், பூநகரி என மூன்று பதிவுகள் அதில் உள்ளன. அவ்வவற்றைச் சொன்னவர் யார், எப்போது என்பதும் உண்டு. பக்கத்தின் கீழ்ப்பாதியை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.