பிள்ளையின் வரிசையில் தந்தையின் எண்

ஒரு நிருபர் நூறு செய்தி எழுதுவார். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் ஒரு நிருபரின் பெயர்தான் இருக்கும். இந்த உறவைத் தரவுத்தளத்தில் எழுதிவைக்கச் சொன்னால் எங்கே எழுதுவீர்கள்?

புதிதாகக் கற்க வருபவர்களின் கை பெரும்பாலும் நிருபரின் பக்கம்தான் போகும். நிருபர் அட்டவணையில் ‘செய்திகள்’ என்று ஒரு கட்டம், அதற்குள் 12, 15, 19 என்று காற்புள்ளி போட்டு எண்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நாலு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள், 15ஆம் செய்தியை எழுதியது யார் என்று தேடப்போனேன். ஒவ்வொரு நிருபரின் கட்டத்தையும் துழாவ வேண்டியிருந்தது. 115 என்ற எண்ணுக்குள்ளும் ஒரு 15 ஒளிந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

எழுத வேண்டிய இடம் எதிர்ப்பக்கம். பள்ளிக்கூட நோட்டின் லேபிளில் பிள்ளையின் பெயரை எழுதுகிறோம். நோட்டுகளின் பட்டியலைப் பிள்ளையின் சட்டையில் யாரும் ஒட்டுவதில்லை. செய்தியின் வரிசையில் நிருபரின் எண்ணை ஒரே ஒரு கட்டத்தில் எழுதினால் போதும். இன்னும் ஆயிரம் செய்தி வந்தாலும் நிருபரின் வரிசையைத் தொட வேண்டியதில்லை. ‘ஒன்றுக்குப் பல’ உறவு என்பது இவ்வளவுதான். அந்தக் கட்டத்துக்குப் பெயர் ஃபாரின் கீ.

ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. ஓர் ஊழியரின் பதிவு: எண், பெயர், பிறந்த தேதி, வேலை வரலாறு, பிள்ளைகள். முதல் மூன்றும் ஒற்றை மதிப்புகள். கடைசி இரண்டும் அப்படியல்ல. கட்டத்துக்குள் இன்னோர் அட்டவணையே உட்கார்ந்திருக்கிறது. காட் அவற்றை வெளியே எடுத்துத் தனி அட்டவணைகளாக்கினார். அனுப்பும்போது ஊழியரின் எண்ணையும் கையில் கொடுத்தனுப்பினார். பிள்ளைகள் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் ஊழியரின் எண், பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு. இன்று நாம் எழுதும் ஃபாரின் கீக்கள் எல்லாம் இந்தப் பிள்ளைகளின் வம்சம்தான்.

சிக்கல் நிரல் எழுதுபவரிடம் வருகிறது. பைதான் போன்ற மொழியில் அவர் புழங்குவது ஆப்ஜெக்ட்டுகளோடு. அங்கே நிருபர் என்ற ஆப்ஜெக்ட்டுக்குள் செய்திகளின் பட்டியலைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். தரவுத்தளத்திலோ கட்டத்துக்கு ஒரு மதிப்புதான். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கும் துபாஷிதான் ஓஆர்எம்.

அப்படி ஒரு துபாஷியைத் தன்னுள் வைத்திருக்கும், இணையதளம் கட்டும் பைதான் ஃபிரேம்வொர்க் ஜாங்கோ. அது பிறந்த இடம் ஒரு செய்தித்தாள் அலுவலகம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் வெளிவரும் ‘லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட்’ நாளிதழில் ஏட்ரியன் ஹோலொவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் அதைத் தொடங்கினார்கள். 2005 ஜூலையில் அது எல்லாருக்கும் இலவசமாக வெளியானது. பெயர், ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுடையது. ஒன்றுக்குப் பல உறவை விளக்க ஜாங்கோவின் கையேடு எடுத்துக்கொள்ளும் உதாரணமும் நிருபரும் கட்டுரையும்தான். நான் நிருபரை வைத்து ஆரம்பித்ததும் அதனால்தான்.

ஜாங்கோவில் செய்தி என்ற வகுப்புக்குள் ஒரு வரி எழுதுகிறோம்: ‘நிருபர்’ என்பது நிருபர் வகுப்பைச் சுட்டும் ஃபாரின் கீ. தரவுத்தளத்தில் செய்தி அட்டவணைக்கு நிருபரின் எண்ணைத் தாங்கும் ஒரு நெடுவரிசை வந்துவிடும். கேட்காமலே ஜாங்கோ அதற்கு ஓர் இண்டெக்ஸும் போட்டுத் தரும். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி அது. ஒரு நிருபரின் செய்திகளைத் தேடும்போது முழு அட்டவணையையும் புரட்ட வேண்டாம்.

இனி செய்தி.நிருபர்.பெயர் என்று புள்ளி வைத்துக்கொண்டே போகலாம். வேடிக்கை எதிர்த்திசையில். நிருபர் வகுப்பில் நாம் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. ஆனாலும் நிருபரிடமிருந்து அவருடைய செய்திகளைக் கேட்க முடிகிறது. பிள்ளையான செய்தி வகுப்பின் பெயரோடு ‘செட்’ என்ற ஒட்டைச் சேர்த்து ஜாங்கோவே ஒரு வாசல் வைத்துவிடுகிறது. பெயர் பிடிக்கவில்லையென்றால் ‘ரிலேட்டட் நேம்’ என்று நாமே சூட்டலாம். 2004இல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கில் வழக்கம் வேறு. அங்கே ஒரு பக்கம் ‘ஹேஸ் மெனி’, மறுபக்கம் ‘பிலாங்ஸ் டு’ என்று இரண்டையும் எழுதுவார்கள். அடியில் இருக்கும் அட்டவணை அமைப்பு இரண்டிலும் ஒன்றேதான். எனக்கு ஜாங்கோவின் சிக்கனம் பிடிக்கும். ஆனால் அடுத்தவர் எழுதிய நிருபர் வகுப்பைத் திறந்து, இதற்குச் செய்திகளோடு உறவு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தலையைச் சொறிந்த நாட்களில் ரெயில்ஸ்காரர்கள் மேல் பொறாமையாகவும் இருந்திருக்கிறது.

செய்தி.நிருபர்.பெயர் என்று வைத்த அந்தப் புள்ளிக்கு ஒரு விலை உண்டு. முகப்புப் பக்கத்தில் 50 செய்திகளைப் பட்டியலிட்டு, தலைப்புக்குக் கீழே நிருபரின் பெயரைப் போடுகிறோம் என்று வையுங்கள். செய்திகளை எடுத்துவர ஒரு க்வெரி, அதாவது தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி, போகிறது. வந்த வரிசைகளில் இருப்பது நிருபரின் எண் மட்டுமே, பெயர் இல்லை. சுற்றில் ஒவ்வொரு செய்தியிலும் பெயரைத் தொடும்போது ஜாங்கோ சத்தமில்லாமல் தரவுத்தளத்துக்கு ஓடிப்போய்க் கேட்டுவருகிறது. ஆக மொத்தம் 51 க்வெரி. 50 செய்தியையும் எழுதியது ஒரே ஆளாக இருந்தாலும் 51தான். முன்னால் கேட்டவரைத்தானே மறுபடி கேட்கிறோம் என்ற ஞாபகம் அதற்கு இல்லை. மளிகைப் பட்டியலை வைத்துக்கொண்டு உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை போகிற கதை. தொழிலில் இதற்கு ‘என் ப்ளஸ் ஒன்’ என்று பெயர். சொந்தக் கணினியில் பத்துச் செய்தியை வைத்துச் சோதிக்கும்போது தெரியாது; தளம் மக்கள் கைக்குப் போன பிறகுதான் பக்கம் திணறும்.

மருந்து எளிது. செய்தியிலிருந்து நிருபருக்குப் போவதானால் ‘செலக்ட் ரிலேட்டட்’. இரண்டு அட்டவணையையும் ஜாயின் செய்து ஒரே க்வெரியில் முடித்துவிடும். நிருபரிலிருந்து செய்திகளுக்குப் போகும்போது அது உதவாது. ஜாயின் செய்தால் ஒரு நிருபரின் விவரம் அவருடைய ஒவ்வொரு செய்தியோடும் திரும்பத் திரும்ப வரும். அங்கே ‘ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்’. நிருபர்களுக்கு ஒரு க்வெரி, அவர்களுடைய எண்களை மொத்தமாகக் கொடுத்துச் செய்திகளுக்கு இன்னொரு க்வெரி. யாருடையது எது என்று பைதான் பக்கம் உட்கார்ந்து கோத்துக்கொள்ளும். 20 நிருபரானாலும் 200 நிருபரானாலும் இரண்டே க்வெரி. இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது: இப்படிக் கொண்டுவந்த செய்திகளின் மேல் மறுபடி ஃபில்டர் போட்டால், கொண்டுவந்ததை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு நடை கிளம்பிவிடும்.

க்வெரி அதிகமானால் பக்கம் மெதுவாகும், அவ்வளவுதான். அழிப்பதில் வரும் தவறு அப்படியல்ல. நிருபரின் வரிசையை அழித்தால் அவருடைய எண்ணைச் சுமந்துகொண்டிருக்கும் செய்திகளை என்ன செய்வது? செய்திகளையும் சேர்த்து அழிப்பது காஸ்கேட். செய்திகள் இருக்கும்வரை நிருபரை அழிக்க விடாமல் தடுப்பது ப்ரொடெக்ட். செய்தியை வைத்துக்கொண்டு நிருபர் கட்டத்தை வெறுமையாக்குவது செட் நல். அதற்கு அந்தக் கட்டம் காலியாக இருக்க முன்பே அனுமதி கொடுத்திருக்க வேண்டும். பழைய ஜாங்கோ நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் காஸ்கேட் என்று எடுத்துக்கொள்ளும். 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு சின்ன இதழின் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ‘சினிமா’ என்ற வகை இரண்டு தடவை பதிவாகியிருந்ததைக் கண்டு பழையதை அழித்தேன். காஸ்கேட் என்று எழுதியிருந்ததால் அதன் கீழ் இருந்த கட்டுரைகள் எல்லாம் கூடவே போயின. ஜாங்கோவின் அட்மின் என்ற நிர்வாகப் பக்கம் திடுதிப்பென்று அழித்துவிடாது. என்னென்ன சேர்ந்து போகும் என்று நீளப் பட்டியல் போட்டு, உறுதிதானா என்று கேட்கும். எனக்கும் கேட்டது. முந்தைய இரவின் பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். அன்று காலை ஏற்றிய இரண்டு கட்டுரைகளை மட்டும் உதவி ஆசிரியர் மறுபடி உட்கார்ந்து ஏற்றினார், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல்.

அன்றிலிருந்து என் வழக்கம் இது: தந்தை வரிசை போனால் பொருளே இல்லாமல் போகும் பிள்ளைக்கு மட்டும் காஸ்கேட், மற்ற எதற்கும் ப்ரொடெக்ட். பில் போனால் பில்லின் வரிகளும் போகலாம். வாடிக்கையாளர் போனார் என்பதற்காக அவருடைய பில்கள் போகக் கூடாது. உங்கள் கையில் ஜாங்கோவில் ஓடும் தளம் ஏதும் இருந்தால், மாடல்கள் எழுதிய கோப்பைத் திறந்து காஸ்கேட் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். அட்மின் பக்கம் அந்தப் பட்டியலை நீட்டும்போது, கடைசி வரி வரை படித்துவிட்டு ‘ஆம்’ அழுத்துங்கள்.