இருட்டில் கண் தெரிவது எப்படி?

விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் புறப்படுகிறவர்களுக்கு இருட்டு புதிதல்ல. நிரையில் நின்று விளக்கை அணைத்துப் பாருங்கள். முதலில் ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் மரங்கள் கறுப்பு உருவங்களாகத் தெரியத் தொடங்கும். ஆனால், பட்டையில் உள்ள வெட்டுக்கோடு தெரியாது. இலையின் பச்சையும் தெரியாது. இது ஏன்?

இரண்டு வகைச் செல்கள்

கண்ணின் உட்புறத்தில் மெல்லிய ஏடுபோல் படிந்திருப்பது விழித்திரை. அதில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. கூம்புச் செல்கள் ஏறத்தாழ 60 இலட்சம். இவை பகல் வெளிச்சத்தில் வேலை செய்பவை. நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை. குச்சிச் செல்கள் ஏறத்தாழ 12 கோடி. மங்கலான வெளிச்சத்தில் நமக்கு வழிகாட்டுபவை இவைதாம். இருட்டுக்கு இவை முழுமையாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும்.

இந்தச் செல்கள் தாமாக மூளையுடன் பேசுவதில்லை. பக்கத்தில் உள்ள இடை நரம்புச் செல்லிடம் செய்தியைக் கொடுக்கும். அங்கிருந்து அது வேறு செல்களைக் கடந்து, பார்வை நரம்பின் வழியே மூளைக்குப் போகும்.

ஒரு வாளிப் பால்

விழித்திரையின் நடுவில் உள்ள கூம்புச் செல்லுக்குத் தனி வழி உண்டு. அதனால்தான் பகலில் சிறிய எழுத்தையும் படிக்கிறோம். குச்சிச் செல்களோ பல சேர்ந்து ஒரே இடைச் செல்லுக்குச் செய்தி கொடுக்கின்றன. பல மங்குகளின் பாலை ஒரே வாளியில் ஊற்றுவது போன்றது இது. ஒவ்வொரு மங்கிலும் கொஞ்சமே இருந்தாலும் வாளியில் சேரும்போது கணிசமாகிவிடும். ஆனால், வாளியைப் பார்த்து எது எந்த மரத்துப் பால் என்று சொல்ல முடியுமா? அப்படித்தான் இருட்டில் உருவம் தெரிகிறது, நுணுக்கம் தெரிவதில்லை.

துணையைத் தேடும் செல்

குச்சிச் செல் தனக்குரிய இடைச் செல்லை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இத்தனை கோடிச் செல்களின் நெருக்கத்தில் ஆள் மாறிவிடாதா?

அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் 2015இல் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். குச்சிச் செல் 'எல்ஃபின்-1' என்னும் புரதத்தைத் தன் முனையில் ஏந்தி நிற்கிறது. எதிரே உள்ள இடைச் செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் மற்றொரு புரதம் இருக்கிறது. பூட்டும் சாவியும் பொருந்துவதுபோல் இரண்டும் பொருந்தினால் இணைப்பு உண்டாகிறது. எல்ஃபின்-1 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் கண்ணில் குச்சிச் செல்கள் இருந்தன. ஆனால் இடைச் செல்லுடன் சேரவில்லை. கூம்புச் செல்களின் இணைப்பு கெடவில்லை. அந்த எலிகள் மங்கிய ஒளியில் காணும் சக்தியை மட்டும் இழந்தன.

மாலைக்கண் எல்லாம் ஒன்றல்ல

இந்தச் செய்தி எலிகளோடு நின்றுவிடவில்லை. இடைச் செல்லில் இருக்கும் அந்த மற்றொரு புரதம் மனிதருக்குப் பிறவியிலேயே பழுதானால் மாலைக்கண் வருகிறது. குச்சிச் செல் ஒளியை உணர்ந்தாலும் செய்தி அடுத்த செல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. இது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் பரம்பரைக் குறை. பெற்றோர் இருவருக்கும் கண் நன்றாகவே தெரியலாம். நெருங்கிய உறவுக்குள் மணம் செய்த குடும்பங்களில் இத்தகைய குறைகளுக்கு வாய்ப்பு அதிகம்.

நம் பாட்டிமார் அறிந்த மாலைக்கண் வேறு. அது வைட்டமின் 'ஏ' குறைவால் வருவது. முருங்கைக்கீரை, பப்பாளி, பூசணி, கேரட், முட்டை, ஈரல் ஆகியவை அதைத் தடுக்கும். செம்பனைப் பழத்தின் சிவப்பிலும் இந்தச் சத்துக்கு மூலப்பொருள் உண்டு. தெளிவாகச் சுத்திகரித்த எண்ணெயில் அது நீங்கிவிடும். விழித்திரையே சிறிது சிறிதாக அழியும் நோயிலும் மாலைக்கண்தான் முதல் அடையாளமாக வருவதுண்டு. சத்துக் குறைவை உணவாலும் மருந்தாலும் சரிசெய்யலாம். பிறவி இணைப்புக் குறையைக் கீரை தீர்க்காது.

பெற்றோர் கவனத்திற்கு

அந்தி சாய்ந்ததும் பிள்ளை தட்டுத் தடுமாறுகிறதா? இருட்டில் குளியலறைக்குப் போக அடம்பிடிக்கிறதா? "பயந்தாங்கொள்ளி", "கவனம் இல்லை" என்று திட்டாதீர்கள். கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணருகே மெல்லிய மின்வாய் வைத்து, ஒளியைப் பாய்ச்சி, விழித்திரையின் மின் அசைவை அளக்கும் சோதனை உண்டு. செல் பழுதா, இணைப்பு பழுதா என்பதை அது காட்டும்.

பிறவி இணைப்புக் குறைக்கு இன்று வழக்கமான மருந்து இல்லை. ஆயினும் பெரும்பாலும் அது வயதோடு முற்றுவதில்லை. கிட்டப்பார்வையும் சேர்ந்திருந்தால் கண்ணாடி உதவும். வீட்டு வாசலிலும் நடைபாதையிலும் ஒரு விளக்கு, கையில் ஒரு டார்ச், வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை — இவ்வளவு செய்தாலே அந்தப் பிள்ளை மற்றவர்களைப்போல் படிக்கும், விளையாடும். வளர்ந்தபின் இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டவோ, இருட்டில் வேலைக்குப் போகவோ விடாமல் வேறு தொழிலுக்கு வழிகாட்டவும் இன்றே தெரிந்துகொள்வது நல்லது.