குருதியை நிறுத்தும் கைகள்

இங்கிலாந்தின் வடமேற்கில், மெர்சி ஆறு கடலோடு கலக்குமிடத்தில் லிவர்பூல் என்னும் துறைமுக நகரம் உள்ளது. கால்பந்து விரும்பும் மாணவர்கள் அப்பெயரை நன்கு அறிவர். அந்நகரில் 2008ஆம் ஆண்டு மருத்துவ மாணவர் இருவர், குற்றச் செயல்களில் சிக்கிய இளையோர்க்கு முதலுதவி கற்பிக்கத் தொடங்கினர். அம்முயற்சியே ‘ஸ்ட்ரீட் டாக்டர்ஸ்’ என்னும் தொண்டு நிறுவனமாக வளர்ந்தது. ‘தெரு மருத்துவர்கள்’ என்பது அதன் பொருள். இன்று பிரித்தானிய நகரங்கள் பலவற்றில் மருத்துவ மாணவர்களும் இளம் மருத்துவர்களும் ஊதியம் பெறாமல் இப்பணியைச் செய்து வருகின்றனர்.

பிரித்தானியாவில் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. ஆகவே, தெருச் சண்டைகளில் பெரும்பாலும் கத்தியே வெளிப்படுகிறது. அதை மறைத்து வைத்திருக்கும் சிறுவர் பலர், அச்சத்தினாலேயே அவ்வாறு செய்கின்றனர். தொடையிலோ பிட்டத்திலோ குத்தினால் வலிக்குமேயன்றி உயிர் போகாது என்னும் நம்பிக்கையும் அவர்களிடையே உலவுகிறது.

இந்நம்பிக்கை முற்றிலும் தவறானது. இடுப்பின் கவட்டிலிருந்து தொடை வழியாகப் பெருந்தமனி ஒன்று செல்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதியே உள்ளது. அத்தமனி அறுபட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் பிரியக்கூடும். உடலில் ‘ஆபத்தில்லாத இடம்’ என்று ஒன்று இல்லை என்பதே இளையோர் இவ்வகுப்பில் கற்கும் முதன்மையான செய்தி.

ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும், அந்தச் சில நிமிடங்களில் குத்துண்டவர் அருகில் இருப்பவர் அவருடைய தோழராகவே இருப்பார். காவலர் தம்மையும் பிடித்துச் செல்வரோ என்று அஞ்சி அவர் ஓடிவிடலாம். என்ன செய்வதென்று அறியாமல் திகைத்தும் நிற்கலாம். அவரை அங்கே நிற்கச் செய்வதும், நின்றபின் அவர் கைகளுக்கு வேலை தருவதுமே இக்கல்வியின் நோக்கம்.

முதலில் அவசர உதவியை அழைக்க வேண்டும். பிறகு, தூய துணியைக் காயத்தின்மேல் வைத்து இரு கைகளாலும் அழுத்த வேண்டும். குருதிக்கு உறையும் இயல்பு உண்டு. ஆனால் வேகமாகப் பாயும் குருதி, உறைந்த பகுதியை அடித்துச் சென்றுவிடும. அழுத்தம் அப்பாய்ச்சலைத் தணிக்கிறது. இரத்தம் நின்றுவிட்டதா என்று துணியை எடுத்துப் பார்த்தால் உறைந்தது பெயர்ந்துவிடும். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொரு துணியை வைத்து மேலும் வலுவாக அழுத்துவதே முறை. கத்தி உடலில் பதிந்திருந்தால் அதைப் பிடுங்காமல், அதைச் சுற்றி அழுத்த வேண்டும். அந்தக் கத்தியே காயத்தை அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். திரைப்படத்தில் கதாநாயகன் அதைப் பிடுங்கி எறியும்போது கைதட்டுவோர் இதை அறியார். சிறு காயத்தில் காப்பித்தூள் அப்பும் வழக்கம் தமிழர் வீடுகளில் உண்டு. அது சிறு காயத்திற்கும் நல்லதன்று, ஆழமான காயத்திற்கு ஒருபோதும் ஆகாது.

நினைவிழந்தவருக்கு மூச்சு இருந்தால், வாந்தியோ நாக்கோ தொண்டையை அடைக்காதவாறு ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு இல்லையெனில், மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை ஆழமாக அழுத்த வேண்டும்.

சண்டையிடும் சிறுவர்க்கு இதையெல்லாம் கற்பிக்கலாமா என்று ஐயுறுவோர் உண்டு. வறுமையும் அச்சமும் விளைவிக்கும் வன்முறையை ஒரு வகுப்பு ஒழித்துவிடாது என்பது உண்மையே. ஆயினும், உயிர் எவ்வளவு விரைவாகப் போய்விடும் என்று அறிந்த சிறுவன், கத்தியை எடுக்குமுன் ஒரு கணமேனும் தயங்குவான். அந்தத் தயக்கத்திற்காகவே இவ்வகுப்பை நடத்தலாம்.

இந்தியத் தெருக்களில் இத்தகைய காயங்களைச் சாலை விபத்துகளிலேயே மிகுதியாகக் காண்கிறோம். அங்கும் செய்முறை இதுவே. விபத்தில் உதவுவோரைக் காப்பதற்கான நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் சட்ட வலிமை அளித்தது; 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. உதவியவர் தம் பெயரைக் கூற வேண்டுமென்று எவரும் கட்டாயப்படுத்த இயலாது. அழைக்க வேண்டிய எண் 112. அழைப்பவர் முதலில் சொல்ல வேண்டியது இடம். ஆகவே, தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் மாணவர், தம் தெருவின் பெயரையும் அருகிலுள்ள அடையாளத்தையும் அவ்வூர் மொழியில் தெளிவாகச் சொல்லப் பழகியிருத்தல் வேண்டும்.