நிற்கும் கார் ஏன் நடுங்குகிறது?

திருவெறும்பூரில், தஞ்சாவூர் சாலை நெரிசலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது. கியர் போட்டால் அடியில் ‘டங்’ என்று சத்தம். ஏன்?

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால், நொடிக்குச் சுமார் 27 முறை எரிபொருள் வெடித்து அதிரும். கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்ட் என்பது இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவே ஒட்டிய ரப்பர். அது நெளிந்துகொடுப்பதால் அதிர்வின் பெரும்பகுதி பாடியை எட்டாது. சூட்டில் ரப்பர் இறுகி வெடிக்கும். எண்ணெய் பட்டால் ஊறித் தொய்யும். பிறகு இரும்போடு இரும்பு முட்டும்.

எப்படிச் சரிசெய்வது? மரக்கட்டை வைத்து, ஜாக்கியால் கியர்பாக்ஸைத் தாங்கிப் பிடித்துப் புதிய மவுண்டை மாட்டுவார்கள். எடை முழுதும் அதன்மேல் இறங்கிய பிறகே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்றால் நடுக்கம் போகாது. எண்ணெய்க் கசிவு இருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது ரப்பரும் சீக்கிரம் கெட்டுவிடும்.