தோல் கழிவால் கெட்ட நிலம்: பல்கலைக்கழகத்தில் எந்தத் துறையைக் கேட்பது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்து உழவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது, வயலில் வெள்ளை பூக்கிறது. ஜிப்சம் போட்டும் பலன் இல்லை. இதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் யாராவது இருக்கிறார்களா?"

இருக்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழகம் என்பது ஒரே அலுவலகம் அல்ல. மண்ணுக்கு ஒரு துறை, நுண்ணுயிருக்கு ஒரு துறை, விதைக்கு ஒரு துறை என்று பிரிந்து வேலை நடக்கிறது. எதை யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

நீதிமன்றத்தில் நின்ற கணக்கு

தோல் பதனிடும் ஆலைகளை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டதாகத் தீர்ப்பில் குறிக்கப்பட்டுள்ளது. அந்தக் கணக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த முதல்கட்டக் கணக்கெடுப்பில் இருந்து வந்தது.

இதே விவகாரத்தில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. விடுபட்ட இழப்பீட்டை வழங்கவும், அந்தத் தொகையை மாசு செய்தவர்களிடம் வசூலிக்கவும் உத்தரவிட்டது. 'என் நிலம் கெட்டுவிட்டது' என்று வாயால் சொல்வதை விட, அளந்து எழுதிய அறிக்கைக்கு பலம் அதிகம் என்பதை இந்த வழக்கிலிருந்து நாம் தெரிந்துகொள்ளலாம்.

ஆஸ்திரேலியா வந்த கதை

தோல் கழிவு நமக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. தென் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகருக்கு அருகே மவுன்ட் பார்க்கர் என்ற ஊரிலும் பல ஆண்டுகள் தோல் கழிவு கொட்டிய நிலம் உண்டு. 1990-களில் ஆஸ்திரேலிய அரசின் பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையம் உதவ, அந்நாட்டு மண் விஞ்ஞானிகளும் நம் கோவை பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து இந்த நிலங்களை ஆராய்ந்தார்கள். அங்கிருந்து டாக்டர் ரவி நாயுடு, இங்கிருந்து டாக்டர் மகிமைராஜா, டாக்டர் கு. ராமசாமி போன்றோர் இதில் முன்நின்றவர்கள். 1999-இல் கோவையில் இதற்கென்றே ஒரு பயிலரங்கம் நடந்தது. அதில் படித்த கட்டுரைகள் 2000-இல் நூலாகவும் வந்தன.

இப்படிப்பட்ட ஆராய்ச்சியிலிருந்து உழவர் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுதான்: தோல் கழிவில் உப்பும் குரோமியமும் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு தண்ணீரோடு ஓடும். அதனால்தான் கழிவு விழுந்த இடத்தைத் தாண்டியும் கிணறு கரிக்கிறது. பதனிடச் சேர்க்கும் குரோமியம் அப்படி ஓடாது. பெரும்பகுதி மேல் மண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது 'குரோமியம் 3' என்ற வகை. தண்ணீரில் எளிதில் கரையாது. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகளால் அதில் ஒரு பகுதி 'குரோமியம் 6' ஆக மாறலாம். அதுதான் நஞ்சு, தண்ணீரிலும் இறங்கும். மண்ணில் மக்கிய பொருள் நிறைய இருந்தால் 6 மறுபடி 3 ஆகத் திரும்பும். தொழு உரத்தை விடாதீர்கள் என்று சொல்வதற்கு இங்கே இப்படி ஒரு கூடுதல் காரணமும் உண்டு.

எந்தத் துறை, எதற்கு?

மண்ணியல் மற்றும் வேளாண் வேதியியல் துறை: நிலம் உவரா, களரா, எவ்வளவு ஜிப்சம் தேவை என்று சொல்வார்கள்.

சுற்றுச்சூழல் அறிவியல் துறை: குரோமியம், ஆலைக் கழிவுநீர், மாசுபட்ட நிலத்தைச் சீர்செய்வது இவர்கள் வேலை. ஆஸ்திரேலியக் கூட்டு ஆய்வில் இங்கிருந்தும் பங்கேற்றார்கள்.

வேளாண் நுண்ணுயிரியல் துறை: உயிர் உரம், மண்ணின் நுண்ணுயிர்களை மீட்பது.

பயிர் இனப்பெருக்கம்: களர் நிலத்துக்கான திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள், திருச்சியில் உள்ள இதே பல்கலைக்கழகக் கல்லூரியில் உருவானவை.

இத்தனைக்கும் கோவைக்குப் போக வேண்டியதில்லை. முதலில் விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். அங்கே முடியாததைக் கோவையில் உரிய துறைக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வழக்கமான மண் பரிசோதனையில் கார அமில நிலை, மின்கடத்தும் திறன், தழை, மணி, சாம்பல், நுண்ணூட்டம் இவைதான் வரும். குரோமியம் வராது. "குரோமியமும் பார்க்க வேண்டும்" என்று தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். மண் அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம்.

மாதிரி எடுப்பது எப்படி?

மண்: வரப்பு ஓரம், எருக்குழி, மர நிழல் தவிர்த்து ஏக்கருக்கு 10 முதல் 15 இடங்களில், 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டிச் சுரண்டி எடுங்கள். கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்து, அரைக் கிலோ எடுத்தால் போதும். எவர்சில்வரிலேயே குரோமியம் இருப்பதால், குரோமியம் பார்க்கும் மண்ணை மரக்குச்சியால் சுரண்டிப் பிளாஸ்டிக் பையில் போடுங்கள்.

தண்ணீர்: மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பிளாஸ்டிக் பாட்டிலை அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

தேதி, சர்வே எண் எழுதி அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அதே இடத்தில், அதே மாதத்தில் எடுத்தால்தான் நிலம் தேறுகிறதா, மோசமாகிறதா என்பது தெரியும்.

வாசகர் கேள்விகள்

*ஜிப்சம் போட்டும் ஏன் பலன் இல்லை?*

ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து; அதாவது கார அமில நிலை 8.5-ஐத் தாண்டி, மண்ணில் சோடியம் ஒட்டியிருக்கும் நிலத்துக்கு. வெறும் உவர் நிலத்தில் உப்பை நல்ல தண்ணீரால் கரைத்து வடிப்பதுதான் வழி. மின்கடத்தும் திறன் 1-க்குள் இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர் திணறும். இரண்டுக்குமே வடிகால் வேண்டும். கரிக்கும் கிணற்றுத் தண்ணீரையே பாய்ச்சிக்கொண்டு ஜிப்சம் போடுவது வீண் செலவு. மழைக்கு முன் வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடியுங்கள். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள்.

*ஆலைச் சேற்றை இலவசமாகத் தருகிறார்கள். எருவாகப் போடலாமா?*

வேண்டவே வேண்டாம். குரோமியம் அதில்தான் அடைந்து கிடக்கிறது. ஒருமுறை மண்ணில் சேர்ந்தால், நம் காலத்தில் அதை வெளியே எடுப்பது கடினம்.

*இந்த நிலத்தில் கீரை, காய்கறி போடலாமா?*

குரோமியம் அறிக்கை கைக்கு வரும்வரை கீரை, முள்ளங்கி, தீவனப்பயிர் வேண்டாம். குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கும், கீரையில் மண் ஒட்டும், தீவனம் மாட்டின் வயிற்றுக்குப் போகும். அதுவரை உப்பைத் தாங்கும் சவுக்கு போன்ற மரப்பயிர் வைக்கலாம். உப்பு அளவைப் பார்த்துப் பூச்செடியும் வைக்கலாம்.