கைக்கடக்கமான செலவில் கடல் மீன் தொட்டி: உப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம்!

போடி:
நீமோ மீனை டி.வி.யில் பார்த்துவிட்டு 'நம்ம வீட்டுலயும் வேணும்' என்று பிள்ளைகள் அடம் பிடிப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். 2003-ல் வந்த அந்த கார்ட்டூன் படத்துக்குப் பிறகு, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனுக்கு எங்கும் கிராக்கி. ஆனால் போடியில் இருந்து தேவாரம் போகும் ரோட்டில் உள்ள சிலமலைக்கும் மண்டபம் கடற்கரைக்கும் சுமார் 240 கி.மீ. தூரம். ஏல மலை அடிவாரத்தில் கடல் மீன் வளருமா?

வளரும். குறைந்த செலவிலும் வளர்க்கலாம். எதில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று தெரியாமல் இறங்கினால்தான் மீனும் போகும், காசும் போகும்.

சின்னத் தொட்டி லாபமா?

தொட்டி சின்னதாக இருந்தால் செலவு குறையும் என்று நினைப்பது சகஜம். கடல் மீன் விஷயத்தில் இது பாதிதான் உண்மை. தண்ணீர் குறைவாக இருந்தால் சூடு, உப்பு, கழிவு எல்லாமே சட்டென்று ஏறிவிடும். மீனுக்கு அது தாங்காது. அதற்காக பெரிய தொட்டிக்கும் போக வேண்டாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும். கல், மணல் போக சுமார் 70 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். எல்லாம் சேர்த்து 100 கிலோ பக்கம் கனக்கும். ஆடாத ஸ்டாண்ட் முக்கியம்.

கல் உப்பு வேலைக்கு ஆகாது

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. 'அப்படின்னா தூத்துக்குடி கல் உப்பை அளந்து போட்டா முடிஞ்சது' என்று கிளம்புகிறவர்கள் உண்டு. கடல் உப்பில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு என்பது சரிதான். மிச்சம் இருப்பது மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட். உப்பளத்தில் உப்பு விளையும்போது மக்னீசியத்தில் பெரும்பாலும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரிலேயே நின்றுவிடும். நம் கைக்கு வருவது சமையலுக்கான உப்பு. அதில் கடல் மீன் நாள் கணக்கில் தாங்கலாம், வாழாது.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1853-ல் லண்டன் உயிரியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தபோது, கடற்கரையில் இருந்துதான் தண்ணீர் கொண்டு வர வேண்டியிருந்தது. பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் அதே 1850-களில் சில உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் நீர் தயாரித்தார். இன்று மீன் கடையில் 'மரைன் சால்ட்' என்று பாக்கெட்டில் கிடைப்பது அதன் பேரன் மாதிரி.

70 லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ மரைன் சால்ட் தேவை. வாரம் ஒருமுறை 7 லிட்டர் தண்ணீர் மாற்ற 270 கிராம். வருஷத்துக்கு 14 கிலோ. தொட்டியைவிட, மீனைவிட, நின்று செலவு வைப்பது இந்த உப்புதான். வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. மண்டபத்தில் இருந்து கேனில் கடல் நீர் கொண்டு வரலாமே என்றால், வாராவாரம் யார் போவது? பஸ் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் வேறு கேட்பார்.

உப்பு கலக்க போர் தண்ணீர் வேண்டாம். கேனில் விற்கும் ஆர்.ஓ. தண்ணீர் போதும். 20 லிட்டர் கேன் மூன்றரை. உப்பை அளக்க ஹைட்ரோமீட்டர் வேண்டும். 1.025 பக்கம் காட்ட வேண்டும். பேட்டரி கடையில் ஆசிட் பார்க்கும் ஹைட்ரோமீட்டரின் அளவு 1.1-க்கு மேல்தான் ஆரம்பிக்கும், அது உதவாது.

துரிசு வாளி உஷார்

போடி பக்கம் மட்டும் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மழைக்காலத்தில் ஏலத்துக்கு வரும் அழுகல் நோய்க்கு போர்டோ கலவை அடிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை அது. ஊர்ப் பேச்சில் துரிசு. மயில்துத்தம் என்பது தாமிர உப்பு. கடல் நத்தை, இறாலுக்கு துளி தாமிரமே எமன். அளவு கூடினால் மீனுக்கும் ஆகாது. மருந்து கலக்கிய வாளி, குவளை, ஓஸ் எதையும் தொட்டி வேலைக்கு எடுக்கவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் சரி. பித்தளைக் குடம், செம்புப் பாத்திரமும் வேண்டாம். தோட்டத்துக்குப் போய் வந்த கையை நன்றாகக் கழுவாமல் தொட்டிக்குள் விடக் கூடாது.

ஒரு மாதம் மீனே வேண்டாம்

பலரும் கவிழ்வது இங்கேதான். காலையில் தொட்டி, மாலையில் மீன், மறு வாரம் தொட்டி காலி! மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாக மாறும். அது விஷம். அதை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். வேறொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இது அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது குறைந்துவிடும். இந்த நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும்.

அதுவரை மீன் விடாமல், சின்ன இறால் துண்டு ஒன்றைப் போட்டு பம்ப்பை ஓட விட வேண்டும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு இறங்கினால்தான் தொட்டி தயார். இந்தக் காத்திருப்புக்கு காசு செலவில்லை, பொறுமைதான் செலவு.

அடியில் போட ஆற்று மணல் தேட வேண்டாம். கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் துண்டு போதும், கலங்கல் போகும் வரை அலச வேண்டும். நுண்ணுயிர் தங்க, மீன் கடையில் விற்கும் ஓட்டை ஓட்டையான பீங்கான் வளையம் நல்லது.

பவளப்பாறையை தொட்டால் ஜெயில்

'ராமேஸ்வரம் பக்கம் பவளப் பாறை சும்மா கிடைக்கும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பவளம், கடல் குதிரை, கடல் விசிறி எல்லாம் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் சேர்க்கப்பட்டவை. செத்த பவளத் துண்டாக இருந்தாலும் வம்புதான். சிக்கினால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் 1986-ல் இருந்து தேசிய பூங்கா.

கோமாளி மீனுக்கு அந்தத் தடை இல்லை. கடலில் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலைய மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரின ஆய்வு மையமும் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டவை. பண்ணையில் பிறந்த குஞ்சு தொட்டிக்குப் பழகியது, போட்ட தீனியைத் தின்னும். கடையில் வாங்கும்போது 'பண்ணைக் குஞ்சா, கடலில் பிடிச்சதா?' என்று கேட்டு வாங்க வேண்டும். கடலில் அது குடியிருக்கும் கடல் சாமந்தி, தொட்டியில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

70 லிட்டருக்கு ஒரு ஜோடி போதும். ஆண், பெண் பார்த்து வாங்கத் தேவையில்லை. குஞ்சுகளில் ஆண், பெண் பேதம் கிடையாது. முதலில் ஆணாகும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும். ஒன்று கொஞ்சம் பெரிசு, ஒன்று சிறுசு என்று எடுத்தால் சண்டை குறையும்.

கரண்ட் பில், வெயில்

10 வாட் பம்ப் ராத்திரி பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டுக்குள்தான். பயப்பட வேண்டியது வெயிலுக்கு. தண்ணீர் 25 முதல் 28 டிகிரியில் இருப்பது நல்லது. சித்திரை வெயிலில் தண்ணீர் மேல் படும்படி சின்ன ஃபேன் வைத்தால் 2, 3 டிகிரி குறையும். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கைவசம் வேண்டும்.

ஃபேன் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். 70-ல் 7 லிட்டர் வற்றினால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 39-ஐ நெருங்கிவிடும். ஆகவே வற்றியதற்கு ஈடாக ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். இதில் உப்புத் தண்ணீரை ஊற்றி மீனைச் சாகடித்தவர்கள் நிறைய.

கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்தால் குழப்பம் இல்லை. ஏலத்தோட்ட வேலைக்கு மேலே போய் இரண்டு நாள் தங்க நேர்ந்தால் மீன் பட்டினியில் சாகாது. வீட்டில் இருப்பவர்களிடம் தீனி போடச் சொல்லாமல், அந்தக் கோடு வரைக்கும் நல்ல தண்ணீர் ஊற்ற மட்டும் சொல்லிவிட்டு ஜீப் ஏறலாம்.